எடை மேடையில் நிற்பவள்

ஆஸ்பத்திரி வராந்தாவில் எல்லாரும் ஒரே வார்த்தையைத்தான் சுமந்துகொண்டு திரிந்தார்கள். சீரியஸ். டாக்டர் அதை மெதுவாக இறக்கி வைத்துவிட்டுப் போனார். சித்தப்பா போனில் அதையே ஊருக்கெல்லாம் கத்தினார். அம்மாவின் வாயிலிருந்து வெறும் காற்றாக வந்தது.

கிக்கிக்கு அது அதுவரை வேறு மாதிரியான வார்த்தை. "கொஞ்சம் சீரியஸா இருடி" என்று அவளிடம் சொல்லாத டீச்சர் கிடையாது. பயம் வந்தால் அவளுக்குச் சிரிப்பு வரும். அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டதும் அதனால்தான்.

நடுராத்திரி, அக்காவின் மடியில் படுத்துக்கொண்டு மெல்ல வாயைத் திறந்தாள்.

"அக்கா, காலைல என்னை உள்ள அனுப்பாதே."

"ஏன்டி?"

"அப்பா மூக்குல டியூபைப் பாத்து சிரிச்சிட்டேன்னா? அவரு கடைசியா பாக்குறது அதுவா..."

"வாயைக் கழுவு."

"சீரியஸா சொல்றேன்க்கா."

"நீயா? பதினஞ்சு வருஷத்துல இப்பத்தான் கேக்குறேன்." அக்கா சிரிக்கப் பார்த்தாள், உதடு கோணிக்கொண்டது. "கண்ணத் தொறந்தா யாரைத் தேடுவாரு, என்னையா? அவரு செல்லம் நீதானே. போய்ட்டு வாடி."

விளக்குகள் மங்கின. வராந்தாத் தரை மெல்ல இரும்பாகி, அப்பா வேலை பார்க்கும் எடை மேடையாக விரிந்தது. லாரிகள் யானைகள் போல அசைந்து வந்து பெருமூச்சு விட்டு நின்றன. கண்ணாடி அறைக்குள் அப்பா. அவர் கண்ணாடியில் ஒரு தரம் தட்டினால், ஆடாமல் நில். இரண்டு தரம் தட்டினால், எடை போட்டாச்சு, கிளம்பு. வீட்டிலும் இதே சட்டம்தான். சோற்றை வாயில் வைத்துக்கொண்டு அவள் சிரித்தால், மேஜையில் டொக்கென்று ஒன்று விழும். கனவில் அவள் மேடை நடுவில் தனியாக நின்றாள். அப்பா கையைத் தூக்கினார். தட்டவில்லை.

விடிந்ததும் நர்ஸ் கூப்பிட்டாள். "ஒருத்தர் மட்டும். சீக்கிரம் வந்துடணும்."

உள்ளே அப்பாவின் முகம் சுருங்கிப்போயிருந்தது. எங்கோ ஒரு மெஷின் கோழிக்குஞ்சு மாதிரி கத்தியது. அவ்வளவுதான், வந்துவிட்டது. வாயைப் பொத்தியும் விரலிடுக்கில் சிரிப்பு வழிந்தது. கண்ணிலும் வழிந்தது.

"சிரிக்கலப்பா... பயமா இருக்குப்பா..."

அப்பா கண் திறக்கவில்லை. கட்டில் கம்பியில் கிடந்த விரல் மட்டும் கொஞ்சம் எழும்பியது.

டொக்.

சிரிப்பு தொண்டையிலேயே நின்றது. இன்னொன்று விழுந்துவிடுமோ என்று மூச்சைப் பிடித்துக்கொண்டு அந்த விரலையே பார்த்தாள். விழவில்லை.

"டைம் ஆச்சும்மா, வா" என்றாள் நர்ஸ்.

கிக்கி திரும்பவில்லை. கால் ஒட்டிக்கொண்டதுபோல் நின்றாள்.

"இருங்க சிஸ்டர். இன்னும் எடை போட்டு முடியல."