ஒன்பதாம் வளைவு

மலை ஓட்டத்தைப் படம் எடுப்பவனுக்கு முதலில் வேண்டியது கேமரா இல்லை, உட்கார ஒரு கல். நல்ல வளைவாகப் பார்த்து, வெயில் ஓடிவருகிறவனின் முகத்தில் விழுகிற பக்கமாகப் பார்த்து, அதற்கப்புறம் கல்லைத் தேட வேண்டும். கல் கிடைத்தால் பாதி வேலை முடிந்த மாதிரி.

எனக்குக் கிடைத்தது ஒன்பதாம் வளைவு. அங்கே பாதை செங்குத்தாக ஏறித் திரும்பும். ஓடிவருகிறவனுக்குப் பின்னால் பள்ளத்தாக்கு முழுவதும் தெரியும். அந்த ஏற்றத்தில் யாரும் ஓட மாட்டார்கள். முழங்காலில் கையை ஊன்றி நடந்துதான் வருவார்கள். ஆனால் என்னைப் பார்த்துவிட்டால் போதும், தொப்பையை உள்ளே இழுத்துக்கொண்டு ஓட ஆரம்பிப்பார்கள். பத்தடி ஓடுவார்கள். வளைவு தாண்டியதும் மறுபடி நடை. அந்தப் பத்தடிதான் என் பிழைப்பு.

இரண்டு காலும் தரையில் படாத நேரத்தில் அமுக்க வேண்டும். கால் ஊன்றியிருக்கும் படத்தை யாரும் வாங்க மாட்டார்கள். நெஞ்சில் குத்தியிருக்கும் நம்பரும் தெரிய வேண்டும். நம்பரை வைத்துத்தான் என் பெண்டாட்டி வீட்டில் உட்கார்ந்து படங்களைப் பிரிப்பாள். அப்புறம் வெப்சைட்டில் அவரவர் நம்பரைத் தட்டினால் அவரவர் படம் வரும்.

இது ஞாயிற்றுக்கிழமை வேலை. மற்ற நாளெல்லாம் குடோனில் சிமென்ட் மூட்டை இறக்குகிறேன். பத்தொன்பது வருஷமாகிறது. காலையில் எழுந்ததும் இடுப்பு என்னோடு எழுந்து வருவதில்லை, கொஞ்சம் கழித்துத்தான் வரும்.

அந்த வருஷம் எனக்கு ஒரு வழி பிறந்திருந்தது. மலை ஓட்டங்களை நடத்துகிறவரை எல்லோரும் கோச் என்றுதான் கூப்பிடுவோம். வருஷத்துக்கு ஆறு ஓட்டம் நடத்துவார். "ஆறும் உனக்குத்தான். பள்ளிக்கூட விளையாட்டு விழா மூணும் உனக்குத்தான். ஓட்டம் முடிஞ்சு புதன்கிழமை ஆபீஸ் வா, கையெழுத்துப் போட்டுக்கலாம்" என்று சொல்லியிருந்தார். அது வந்தால் மூட்டையை விட்டுவிடலாம் என்று நானும் பெண்டாட்டியும் முடிவு செய்திருந்தோம். அவள் அவசரப்பட்டு அவள் அண்ணனிடம் வேறு சொல்லிவிட்டாள்.

சனிக்கிழமை சாயங்காலம் இரண்டு லாரி சேர்ந்து வந்துவிட்டது. கூட வேலை செய்கிறவன் ஒருத்தன் வரவில்லை. அவன் பங்கையும் சேர்த்து இறக்கினேன். மறுநாள் விடிவதற்குள் மலை ஏறினேன்.

முதல் ஆள் ஏழு நாற்பத்தெட்டுக்கு வந்தான். இரண்டாவது ஆள் ஏழு ஐம்பத்தொன்றுக்கு. இரண்டு பேரையும் நன்றாகவே எடுத்தேன். அப்புறம் பாதையில் சத்தமே இல்லை. ஷூவுக்குள் மண் உறுத்தியது, கழற்றிப் பக்கத்தில் வைத்தேன். வெயிலுக்குத் தலையில் துண்டைப் போட்டுக்கொண்டேன். அடுத்து எனக்கு ஞாபகம் இருப்பது, கீழே தடதடவென்று கேட்ட காலடிச் சத்தம். கேமராவைத் தூக்கினேன். பல் டாக்டர் ஒருத்தர், போன வருஷமும் ஓடியவர், முப்பத்திரண்டு பல்லும் தெரிய வந்துகொண்டிருந்தார். எடுத்தேன். அவர் போனதும் ஷூவை மாட்டிக்கொண்டேன். அதற்கப்புறம் கூட்டம் கூட்டமாக வந்தார்கள். எல்லோரையும் எடுத்தேன்.

சாயங்காலம் பெண்டாட்டி சமையல் மேடையில் லேப்டாப்பை வைத்துக்கொண்டு நம்பர் பிரித்துக்கொண்டிருந்தாள்.

"என்னங்க, மூணாவது ஆளைக் காணோம்."

"நல்லாப் பாரு."

"ரெண்டு தடவை பார்த்துட்டேன். பட்டியல்ல மூணாவது இருநூத்திப் பதினாலு. அந்த நம்பர்ல ஒரு படம்கூட இல்ல. ஏழு அம்பத்தொண்ணுக்கு ஒரு படம், அடுத்தது எட்டு ரெண்டு." என் பக்கம் திரும்பினாள். "தூங்கிட்டீங்களா?"

"சேச்சே. கண்ணை மூடினேன்."

"அதுக்கு வேற என்ன பேரு?"

இருந்த படங்களை அப்படியே ஏற்றிவிட்டோம்.

இருநூற்றுப் பதினாலு யார் என்றால், பஸ் கண்டக்டர். வருஷாவருஷம் ஓடுகிறவர். நாலாவதாகவோ ஐந்தாவதாகவோ வருவார். முதல் மூன்று பேரைத்தான் மாநில அளவில் நடக்கிற பெரிய ஓட்டத்துக்கு அனுப்புவார்கள். இந்த வருஷம்தான் முதல் தடவையாக மூன்றாவது வந்திருந்தார். நாலாவது வந்தவர் பல் டாக்டர்.

டாக்டர் தன் படத்தைத் தேடப் போனவர், தனக்கு முன்னால் போனவரின் படம் இல்லை என்று கண்டுபிடித்துவிட்டார். ஒன்பதாம் வளைவுக்குக் கீழே காட்டுக் காவல்காரர்கள் போகிற ஒற்றையடிப் பாதை ஒன்று உண்டு. அதில் நுழைந்தால் வளைவுக்கே வராமல், இரண்டு கிலோமீட்டர் மிச்சம் பண்ணி, இறக்கத்தில் போய்ச் சேர்ந்துகொள்ளலாம். கண்டக்டர் அதில்தான் போயிருக்கிறார் என்று டாக்டர் கோச்சிடம் எழுதிக் கொடுத்துவிட்டார். மேலே கண்காணிக்க ஆள் வைக்கவில்லை. "நீதான் இருக்கியே, அதுக்கு மேல ஒரு ஆளா?" என்று கோச்தான் சொன்னார்.

செவ்வாய்க்கிழமை கோச் போன் பண்ணினார். நான் மூட்டைமேல் உட்கார்ந்து தண்ணி குடித்துக்கொண்டிருந்தேன்.

"வளைவுக்கு வந்தவங்களை எல்லாம் எடுத்தியா?"

"வந்தவங்களை எல்லாம் எடுத்திருக்கேன் கோச்." யோசிப்பதற்குள் வாய் சொல்லிவிட்டது.

"அப்போ கண்டக்டர் வரல."

நான் பேசாமல் இருந்தேன். பேசாமல் இருந்ததை அவர் ஆமாம் என்று எடுத்துக்கொண்டார்.

"சரி, நாளைக்கு ரெண்டு பேரையும் வரச் சொல்லியிருக்கேன். நீயும் வந்து இதையே சொல்லிடு. அப்புறம் நம்ம விஷயத்தைப் பேசி முடிச்சிடலாம்."

கோச் ஆபீஸ் சைக்கிள் கடைக்கு மேலே ஒரே ஒரு அறை. ஒரு மூலையில் பழைய கோப்பைகள், இன்னொரு மூலையில் தண்ணீர் பாட்டில் மூட்டைகள். மேசைமேல் நான் கையெழுத்துப் போட வேண்டிய காகிதம் தயாராக இருந்தது. என் பேரை எழுத்துக்கூட்டிப் பார்த்துக்கொண்டேன், சரியாகத்தான் அடித்திருந்தார்கள். டாக்டர் நாற்காலியில் உட்கார்ந்து என் படங்களை வரிசையாக அடுக்கி வைத்திருந்தார். கண்டக்டர் டூட்டிக்குப் போகிற வழியில் வந்திருந்தார். யூனிபார்ம், மடியில் தோல் பை. உட்காரச் சொல்லியும் நாற்காலி நுனியில்தான் உட்கார்ந்தார்.

"நீங்க மேல போனீங்கன்னா படம் இருக்கணுமே?" என்றார் டாக்டர்.

"போனேன் சார். மேல இவர் இருந்தாரு." கண்டக்டர் என்னைக் காட்டினார். "தலையில துண்டு போட்டுக்கிட்டு, வாயைத் திறந்து தூங்கிக்கிட்டிருந்தாரு."

டாக்டர் சிரித்துவிட்டார். "டிக்கெட் எடுக்காதவன் சொல்ற கதை மாதிரியே இருக்கே."

"அந்தக் கதையெல்லாம் தினம் நான் கேக்கறவன் சார். எனக்குச் சொல்லத் தெரியாது."

கோச்சுக்குக் கோபம் வந்துவிட்டது. "படம் எடுக்கறவன்மேல ஏன்யா பழி போடறே?"

"பழி இல்ல கோச், பார்த்ததைச் சொல்றேன். ஷூவைக் கழட்டிப் பக்கத்துல வச்சிருந்தாரு. இடது கால் சாக்ஸ்ல கட்டைவிரல் வெளிய எட்டிப் பார்த்துச்சு. அவ்வளவுதான் எனக்குத் தெரியும்."

"இதெல்லாம் யார் வேணா சொல்லலாம்" என்றார் டாக்டர்.

கோச் என் பக்கம் திரும்பினார். "ஷூ கழட்டினியா?"

மூன்று பேரும் என் காலைப் பார்த்தார்கள். அன்றைக்கு நான் செருப்பில் போயிருந்தேன். இல்லை என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், அந்த அறையில் யாரும் என்னை மேற்கொண்டு ஒன்றும் கேட்டிருக்க மாட்டார்கள். அந்தக் காகிதத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டுப் படியிறங்கியிருப்பேன். இடுப்பும் சந்தோஷப்பட்டிருக்கும். அந்த ஆள் நாளையிலிருந்து பஸ்ஸில் டிக்கெட் கிழிக்கும்போது, என்ன கண்டக்டர், குறுக்கு வழியில போகுமா உங்க பஸ் என்று நாலு பேர் கேட்பார்கள். கேட்டுக்கொண்டேதான் இருப்பார்கள்.

"கழட்டினேன்" என்றேன்.

"சாக்ஸ்?"

"கிழிஞ்சதுதான் கோச்."

"டாக்டர் வர்றப்பவும் அப்படித்தானே இருந்தே? அவரும் பார்த்திருப்பாரே."

"டாக்டர் என் காலைப் பார்க்கல. லென்ஸைப் பார்த்துச் சிரிச்சுக்கிட்டே வந்தாரு. அவர் போனதும் ஷூவை மாட்டிட்டேன். அப்புறம் வந்தவங்க யாரும் பார்த்திருக்க முடியாது. அதுக்கு முன்னாடி போயிருந்தாத்தான் தெரியும்."

"அப்போ தூங்கினே."

"தூங்கினேன். ரெண்டாவது ஆளுக்கும் டாக்டருக்கும் நடுவுல."

"போன்ல எடுத்தேன்னு சொன்னே."

"பொய் சொன்னேன் கோச்."

டாக்டர் படங்களை ஒவ்வொன்றாக எடுத்துப் பைக்குள் வைத்தார். "சரி, மூணாவது அவர்தான். நான் எழுதிக் கொடுத்ததைக் கிழிச்சுப் போட்டுடுங்க" என்றார். எழுந்தவர் என்னைப் பார்த்து, "என் படம் நல்லா வந்திருக்கு, அதையும் சொல்லணும்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

கோச் மேசைமேல் இருந்த காகிதத்தை எடுத்து டிராயருக்குள் போட்டார்.

"உன்னை நம்பித்தான் மேல ஒரு ஆளைக்கூட வைக்கல."

"தெரியும் கோச்."

"தெரியுமாம்." டிராயரைச் சாத்தினார். "மலை ஓட்டத்துக்கு இனி வேற ஆளைப் பார்த்துக்கறேன். பள்ளிக்கூட விழா மூணுக்கும் கூப்பிடறேன், வா. அது மைதானத்துல நடக்கிறது. தூங்கினா புள்ளைங்க எழுப்பி விட்டுடும்."

படியில் கண்டக்டர் பின்னாலேயே வந்தார்.

"கோவமாண்ணே?"

"எழுப்பியிருக்கக் கூடாதா? ஒரு குரல் கொடுத்திருந்தா ரெண்டு பேருக்கும் இந்த வம்பு இல்லையே."

"தோணுச்சுண்ணே. ஆனா மூச்சே இல்ல, குரல் எங்கேருந்து வரும்? நின்னா நின்னதுதான், மறுபடி கால் கிளம்பாது." கொஞ்சம் தயங்கினார். "அதோட நீங்க தூங்கின தூக்கத்தைப் பார்த்தா எழுப்ப மனசும் வரல."

கீழே வந்ததும் தோல் பையைத் தோளில் மாட்டிக்கொண்டார். "எனக்குத்தான் ஒரு படம்கூட இல்ல. வீட்டுல எங்கேன்னு கேக்கறாங்க."

கேமரா என் பையில் இருந்தது. "இப்போ எடுத்துத் தரவா? அந்த மேட்டுல நாலு எட்டு ஓடு. கடை போர்டு தெரியாம எடுத்துடறேன்."

மேட்டைப் பார்த்தார், தன் யூனிபார்மைப் பார்த்தார். "வேணாம்ணே. சும்மா ஓடினா படத்துலயும் சும்மா ஓடின மாதிரிதான் தெரியும்." மணியைப் பார்த்துவிட்டு டிப்போ பக்கம் வேகமாக நடந்தார்.

வீட்டில் பெண்டாட்டி கதவைத் திறந்ததும் என் முகத்தைத்தான் பார்த்தாள்.

"சொல்லிட்டீங்களா?"

"சொல்லிட்டேன்."

"வருஷ வேலை?"

"போச்சு. பள்ளிக்கூடம் மூணு மட்டும்."

சட்டைக்குப் பட்டன் தைத்துக்கொண்டிருந்தவள் நூலைப் பல்லால் கடித்து அறுத்தாள். "எங்க அண்ணன்கிட்ட நானே சொல்லிக்கறேன். நீங்க ஒண்ணும் வாயைத் திறக்க வேணாம்." அப்புறம், "மேஸ்திரி போன் பண்ணினாரு. நாளைக்கு ஆறு மணிக்கு லாரி வருதாம்" என்றாள்.

வியாழக்கிழமை ஆறுமணிக்குப் போனேன். தார்ப்பாயை அவிழ்த்துக்கொண்டிருந்த மேஸ்திரியிடம், "ஞாயித்துக்கிழமை போட்டோ வேலை இருந்தா முந்தின நாள் சாயங்காலம் நான் வர மாட்டேன்" என்றேன்.

"மலைக்கு இனிமே கூப்பிட மாட்டாங்கன்னு சொன்னாங்களே?"

அதற்குள் விஷயம் குடோன் வரைக்கும் வந்துவிட்டிருந்தது.

"கூப்பிட்டாச் சொல்றேன்."

"கூப்பிட்டாப் பார்த்துக்கலாம். முதுகைக் காட்டு."

காட்டினேன். முதல் மூட்டையை ஏற்றிவிட்டார்கள்.