அம்மாவை அறியாத செல்

1

இந்தக் கதை ஒரு ஃபோன் சண்டையில் பிறந்தது. அதை மறைத்து என்ன ஆகப்போகிறது?

போன வருடம் அம்மாவின் சிறுநீரகம் ஒன்றை அக்காவுக்குப் பொருத்தினார்கள். அன்றிலிருந்து தினமும் மாத்திரை, மாதம் ஒருமுறை ஆஸ்பத்திரி நாற்காலியில் சாய்ந்து டிரிப்ஸ். இந்த மாதம் போகப்போவதில்லை என்றாள் அக்கா. புது வேலையில் இப்போதுதான் சேர்ந்திருக்கிறாள். லீவு கேட்டால் காரணம் சொல்ல வேண்டும்.

"நான்தான் குத்துக்கல்லாட்டம் இருக்கேனேடா. ஒரு தடவ போகலன்னா என்ன?"

பின்னாலிருந்து அம்மா: "என் வயித்துல பத்து மாசம் இருந்தவடா அவ. என் கிட்னிய அவ உடம்புக்குத் தெரியாதா? மருந்து ஏத்தித்தான் அறிமுகப்படுத்தணுமா?"

வெளிநாட்டில் இருப்பவன் ஃபோனில் வாதாடி வீட்டை ஜெயித்ததாகச் சரித்திரம் இல்லை. சார்ஜ் தீர்ந்துவிட்டது என்று வைத்துவிட்டேன். [தீரவில்லை.]

அக்காவுக்கு அறிவுரை ஆகாது, கதை ஆகும். அதனால் சாப்பாட்டு இடைவேளையில் கதையைச் சொல்கிறேன், ஃபோன் அதை எழுதிக்கொள்கிறது. படிக்கிறவர் யாராக இருந்தாலும் சரி, வியாழக்கிழமைக்குள் இது முடிந்தாக வேண்டும். டிரிப்ஸ் அன்றைக்குத்தான்.

2

முதல் தொடக்கம்: "அவள் உடலுக்குள் போர் மூண்டது. வெள்ளையணு வீரர்கள் வாளை உருவி—"

இல்லை. வாள் தூக்கினால் யாரோ வில்லன் ஆகவேண்டும். இங்கே யாரை வில்லனாக்குவது, அம்மாவின் சிறுநீரகத்தையா?

இரண்டாவது: "அக்கா ஜன்னலோர நாற்காலியில் சாய்ந்தாள். வெளியே மழை—"

இதை அனுப்பியதும் அக்காவின் குரல் வந்து விழுந்தது. "டேய், அங்க ஜன்னலே கிடையாது. பக்கத்து சேர்ல ஒரு பெரியவர் குறட்டை விடுவாரு. மழையாம் மழை!"

சரி, மூன்றாவது. ஜன்னல் இல்லாத அறை. அக்காவின் கையில் ஊசி, காதில் குறட்டை. ஆபீஸில் இந்நேரம் தன்னைத் தேடுவார்களோ என்று அவள் யோசிக்கிறாள். அவளுக்குத் தெரியாது, அவள் கழுத்திலும் அக்குளிலும், காய்ச்சல் வந்தால் நெறி கட்டும் இடங்களில், இந்த நிமிடம் ஒரு பெருங்கூட்டம் நடமாடிக்கொண்டிருக்கிறது. டி செல்கள், வெள்ளையணுக்களில் ஒரு வகை.

3

இந்தக் கதாபாத்திரத்தை எழுதவே பயமாக இருக்கிறது. அவ்வளவு அதிசயமானது.

ஒவ்வொரு டி செல்லுக்கும் ஒரே ஒரு முகம்தான் தெரியும். அந்த முகத்தை அது இதுவரை பார்த்தது கிடையாது. உருவாகும்போதே உடம்பு சீட்டுக்கட்டு மாதிரிக் கலைத்துப் போட்டு, கோடிக்கணக்கான செல்களுக்கு ஆளுக்கொரு முகத்தை எழுதிவிடுகிறது. உலகத்தில் இன்னும் பிறக்காத கிருமிக்குக்கூட அதில் ஒரு ஆள் இருக்கலாம். பிறகு நெஞ்செலும்புக்குப் பின்னால் ஒரு பரீட்சை. சொந்த உடம்பையே எதிரியாகப் பார்க்கிறவர்களும், ஒன்றையுமே அடையாளம் காணத் தெரியாதவர்களும் அங்கேயே அழிகிறார்கள். தேறுகிறவர்கள் வெகு சிலர்.

தேறியவர் என்ன செய்வார்? நடப்பார். ஒரு நெறியிலிருந்து இன்னொன்றுக்கு. அங்கே கிளைகிளையாய்க் கை நீட்டிய வேறொரு செல் நிற்கும். உடம்பின் மூலைமுடுக்கில் பொறுக்கிய துணுக்குகளைக் கைகளில் ஏந்தி, வருகிறவர் போகிறவரிடமெல்லாம் காட்டும். இவனா? இவனா? பெரும்பாலானவர்கள் தடவிப் பார்த்துவிட்டு, நம்ம ஆள் இல்லை என்று நகர்ந்துவிடுவார்கள். அப்படியே நடந்து, தன் முகத்தைச் சந்திக்காமலே செத்துப்போகிறவர்கள்தான் அதிகம்.

[இந்த இடத்தில் என் ரொட்டி ஆறிவிட்டது. ஃபோனையே பார்த்துக்கொண்டிருந்தேன்.]

4

முகம் பொருந்திவிட்டால் செல் பாயும் என்றுதான் நானும் நினைத்தேன். பாயாது. இன்னொரு சைகை வேண்டும். துணுக்கைக் காட்டும் அதே செல், "ஆமாம், இது ஆபத்துதான்" என்று வேறொரு கையாலும் தொட வேண்டும். இரண்டும் சேர்ந்தால்தான் டி செல் விழிக்கும். விழித்தால் ஒன்று பத்தாகும், பத்து ஆயிரமாகும். இரண்டாவது தொடுகை வராவிட்டால் அது சோர்ந்து அடங்கிவிடும்.

நான் வேலை பார்க்கும் கிடங்கில் அட்டைப்பெட்டி அமுக்கும் மிஷினுக்கு இரண்டு பட்டன். இரண்டு கையாலும் ஒரே நேரத்தில் அமுக்கினால்தான் தட்டு இறங்கும். அக்காவின் டிரிப்ஸ் செய்வது அந்த இரண்டாவது பட்டனுக்கு மூடி போடுகிற வேலை. நாளாக ஆக மூடி கரையும். அதற்குள் புது மூடி போட வேண்டும்.

அக்கா: "கடைசியில என்னை அட்டைப்பெட்டி மிஷின் ஆக்கிட்ட. நல்லா இரு."

5

எழுத வேண்டிய வாக்கியத்தை இதுவரை ஒத்திப்போட்டுவிட்டேன். இரவுச் சாப்பாட்டின்போது இதை வாய்விட்டுப் படிக்கப்போவது அம்மா.

அம்மா, அக்காவின் உடம்புக்கு உன்னை—

அம்மா, தப்பா நினைக்காதே, அக்காவின் உடம்பு—

அம்மா, உன்னில் பாதிதான் அக்காவுக்கு வந்தது. மீதிப் பாதி அப்பா. அவளுக்கு வராத உன் பாதியை அவள் டி செல்கள் அந்நியம் என்றே பார்க்கும். எத்தனை வருடம் ஆனாலும் பார்க்கும், விழித்துக்கொண்டால் உன் சிறுநீரகத்தைத் தாக்கும். அவை கெட்டவை இல்லை. பரீட்சைக்குப் படித்ததை ஒழுங்காகச் செய்கின்றன.

6

முடிவு அ: அக்கா போகவில்லை. மூடி கொஞ்சம் கொஞ்சமாகக் கரைகிறது. எங்கோ ஒரு நெறியில் ஒரே ஒரு செல் தன் முகத்தைக் கண்டுகொள்கிறது, இரண்டாவது கையும் அதைத் தொடுகிறது, ஒன்று பத்தாகி—

வேண்டாம், அடுத்ததுக்குப் போகிறேன்.

முடிவு ஆ: அக்கா மேனேஜரிடம் உள்ளதைச் சொல்லிவிட்டுப் போகிறாள். குறட்டை கேட்கிறாள். செல் முகத்தைக் காண்கிறது, இரண்டாவது தொடுகைக்குக் காத்திருக்கிறது, வரவில்லை, அடங்குகிறது. ஒன்றுமே நடக்கவில்லை. மறுநாள் அக்கா காபி குடிக்கிறாள்.

கதை எழுதுகிறவன் வெட்கப்பட வேண்டிய முடிவு இது. ஒன்றும் நடக்காமலிருக்க உள்ளே எத்தனை நடக்க வேண்டியிருக்கிறது என்று தெரிந்தபிறகு, இதைவிடப் பெரிய முடிவு எனக்குத் தோன்றவில்லை.

7

புதன்கிழமை அம்மா கூப்பிட்டாள். படித்து முடித்திருந்தாள்.

"ஏன்டா, நான் யாருன்னு அந்த செல்லுக்குச் சொல்ல ஒரு வழியும் இல்லையா?"

"இல்லம்மா."

"பெத்தவன்னு கூடவா?"

"அதுக்கு அதெல்லாம் தெரியாதும்மா. சும்மா இருக்க வைக்கத்தான் முடியும்."

அம்மா மூக்கை உறிஞ்சினாள். பிறகு ஃபோனை விலக்கிக்கொண்டு உள்ளே குரல் கொடுத்தாள். "ஏய், இங்க வா. நாளைக்கு நானும் உன்கூட வரேன். அந்தக் குறட்டைக்காரர் பக்கத்துல உக்காந்துக்கறேன். லீவுக்கு உன் மேனேஜர்கிட்ட நான் பேசட்டுமா, நீ பேசறியா?"

அக்கா என்ன பதில் சொன்னாள் என்று எனக்குக் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் எழுதமாட்டேன். அக்கா, அந்த வரி உன்னுடையது. நீயே சொல்.