நகர்த்திப் பாராத படம்

மலைமுடியில் வெண்குடம் கவிழ்த்தாற்போல் வான்நோக்ககம் விளங்க, அடிவாரத்து நகரின் பழுதுபார்ப்போர் தெருவில் பிற்பகல் வெயில் தகரக் கூரைகளைக் காய்ச்சிக்கொண்டிருந்த வேளையில், குளிர்பெட்டி செப்பனிடும் கடையொன்றின் முன்னே கால் எழாது தயங்கி நின்ற வானாய்வாளர் ஒருத்தியைப் படிப்போர் காண்பாராக. கைப்பையில் ஒரு படம். நெஞ்சிலோ மூன்றாண்டுப் பொய் ஒன்று முள்ளாய்த் தைத்திருந்தது.

கண்ணுக்குப் புலனாகும் ஒளி விண்வெளித் தூசு முகிலில் முட்டி நின்றுவிட, அகச்சிவப்பு ஒளியோ அதனை ஊடுருவி வந்து, உள்ளே பிறக்கும் விண்மீன்களின் வெம்மையைக் காட்டிக்கொடுக்கும். ஆயின் அவ்வொளியைப் பிடிக்கும் கருவி சற்றே சூடேறினாலும், அச்சூடும் படத்தில் பதிந்து ஆளை ஏய்த்துவிடும். ஆகவே கருவியைக் கடுங்குளிரில் காக்கவென்றே ஒருவர் இருந்தார். எல்லோருக்கும் அவர் குளிரண்ணன்.

மூன்றாண்டுக்கு முன் முகிலொன்றின் படத்தில் மங்கிய மறு ஒன்று தோன்றிற்று. தொலைநோக்கியை இம்மியளவு நகர்த்தி மீண்டும் படமெடுக்கையில், மறு இருந்த இடத்திலேயே நின்றால் கருவியின் குறை, விண்மீன்களோடு சேர்ந்து நகர்ந்தால் வானத்துப் பொருள். அறிக்கை தரும் பரபரப்பில் அவள் அதைச் செய்யவில்லை; செய்து பார்த்ததாகவும் மறு நகரவில்லை என்றும் எழுதிவிட்டாள். ‘குளிர் காப்பதில் அசட்டை’ என்ற அவளது ஒற்றை வரி அண்ணனின் வேலைக்கே உலை வைத்தது.

சென்ற கிழமை வேறொரு தொலைநோக்கி எடுத்த படத்தில், அதே முகிலில், அதே இடத்தில், அந்த மறு பளிச்சென்று நின்றது. அது பிறந்துகொண்டிருக்கும் விண்மீன். அன்றிலிருந்து சோறு இறங்காது தவித்தவள், குற்றத்தை ஒப்பி எழுதிய மடலைக் காலையில் வான்நோக்ககத் தலைவரிடம் கொடுத்துவிட்டு நேரே அண்ணனின் இக்கடைக்கு வந்திருந்தாள்.

உள்ளே சென்று ஒன்றும் மறையாமல் சொன்னாள். திட்டித் தீர்ப்பார் என்றே எண்ணியிருந்தாள். அவரோ கைகளைத் துடைத்துக்கொண்டு படத்தை நெடுநேரம் பார்த்தார்.

“அப்ப அன்னிக்கு நம்ம கருவி குளிராத்தான் இருந்துச்சா?”

“இருந்துச்சுண்ணே. நான்தான் நகர்த்திப் பாக்காமலே பாத்தேன்னு எழுதிட்டேன்.”

“எங்கயோ குளிரக் கசிய விட்டுட்டேன்னு மூணு வருசமா நானே நம்பிட்டேம்மா” என்றார் அவர்.

வேலைக்குத் திரும்ப அழைப்பார்கள் என்று அவள் சொன்னதற்கு, பார்க்கலாம் என்று மட்டும் கூறி, பாதியில் விட்டிருந்த குளிர்பெட்டியின் பக்கம் திரும்பினார். குழாயின் இணைப்பை விரலால் தொட்டுப் பார்த்தார். மூடப் போனவர் நின்று மறுபடி தொட்டார். மூடியைக் கையில் எடுத்த பின்னும் மூன்றாம் முறை தொட்டார். பழி தீரும், வேலையும் திரும்பும். அந்த மூன்றாம் தொடுகையை மட்டும் எந்த மடலாலும் அவர் விரலிலிருந்து எடுக்கவியலாது என்பதை உணர்ந்து, அவள் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள்.