மூன்று நல்லது, ஒரு குறை

தையல் கடையில் போன் அடித்தால் மூன்று மெஷின்களும் நிற்க வேண்டும். கத்தரிக்கோலைக்கூட மேசைமேல் வைக்கக் கூடாது, கையிலேயே பிடித்திருக்க வேண்டும். அது அக்கா போட்ட சட்டம்.

அக்கா எனக்குக் கூடப் பிறந்தவள் இல்லை. எங்கள் கட்டடத்தின் கீழ்த்தளத்தில் தையல் கடை வைத்திருப்பவள். அந்தக் கடைப் போன்தான் எங்கள் கட்டடத்துப் பிள்ளைகள் அத்தனை பேருக்கும் 'பழைய கம்பெனி'. எங்கே வேலை கேட்டுப் போனாலும் முன்அனுபவம் கேட்கிறார்கள். வேலையே கொடுக்காமல் அனுபவம் எங்கிருந்து வரும் என்று கேட்டால் அடுத்த ஆளைக் கூப்பிடுகிறார்கள். பார்த்துப் பார்த்து அலுத்துப்போய் அக்கா ஒரு கம்பெனியையே உண்டாக்கிவிட்டாள். விண்ணப்பத்தில் கடை நம்பரைப் போட்டுக்கொள்ளலாம். விசாரித்துப் போன் வந்தால் நோட்டைப் பார்த்துப் பதில் சொல்வோம். ஆளுக்கு ஒரு பக்கம்: என்ன வேலை, எத்தனை மாதம், மூன்று நல்லது, ஒரு குறை.

"குறையும் கண்டிப்பா சொல்லணும்டா. குறையே இல்லாதவனை எவன் நம்புவான்?" என்பாள் அக்கா.

அதற்காக வேலைக்கே உலை வைக்கிற குறையைச் சொல்ல மாட்டோம். இரண்டாம் மாடிக்காரன் சாப்பிடப் போனால் பத்து நிமிடம் அதிகம் எடுப்பான். பிளம்பர் மகள் கொஞ்சம் வாயாடி. கேட்பவர்கள் சிரித்துக்கொண்டே வைத்துவிடுவார்கள்.

மேனேஜர் குரல் என்னுடையது. நான் காலேஜைப் பாதியில் விட்டவன். வருடக்கணக்காக இரவு வேலை பார்த்ததில் தொண்டை கரகரத்துப்போய், கேட்பவர்களுக்கு ஐம்பது வயது ஆள் பேசுவது போல இருக்கும். பகலிலும் தூக்கம் வராது. கடையில் பொத்தான் டப்பாக்களுக்கு நடுவே உட்கார்ந்திருப்பேன். கட்டடத்தில் எனக்குப் பெயர் ஆந்தை.

முதலில் அக்காதான் எனக்காகப் பேசினாள். ஒரு கிடங்கில் பெட்டி அடுக்கும் வேலை கிடைத்தது. அங்கே சூப்பர்வைசருக்கு நாங்கள் வைத்த பெயர் ஸ்கேல். கையில் எப்போதும் ஒரு அடி இரும்பு ஸ்கேல். பெட்டிகளுக்கு நடுவே இடைவெளியை அளப்பார், அளந்த கையோடு எங்கள் விலாவில் குத்துவார். அந்தக் கிடங்கில் தொண்ணூறு நாள் முடித்தால் வேலை நிரந்தரம். எண்பத்தொன்பதாம் நாள் விடிந்ததும் என்னோடு சேர்த்து ஆறு பேரை வாசலில் வரிசையாக நிறுத்தி, கழுத்து அட்டையைக் கழற்றச் சொன்னார்.

நான் எகிறினேன். தனியே அழைத்துப் போனார்.

"உன்னைப் பத்தி விசாரிக்கப் போன் பண்ணேன் தம்பி. உன் பழைய கம்பெனியில தையல் மெஷின் ஓடுற சத்தம் கேட்டுச்சு. அன்னைக்கே புரிஞ்சுது. புரிஞ்சுதான் எடுத்தேன். உன்னை மாதிரி ஆளுங்கதான் போகச் சொன்னா வாயைத் திறக்க மாட்டாங்க." ஸ்கேலால் நெஞ்சில் இரண்டு தட்டு தட்டினார். "போ. போய்த் தூங்கு."

அதற்குப் பிறகுதான் மெஷினை நிறுத்தும் சட்டம் வந்தது. எனக்கு வேறொரு குளிர்க்கிடங்கில் இரவு வேலை கிடைத்தது. அந்த இரண்டு தட்டு மட்டும் நெஞ்சில் அப்படியே இருந்தது. நான் அதை ஆற விடவில்லை.

இரண்டு வருடம் கழித்து அந்தப் பழைய கிடங்கை வேறு காண்டிராக்டர் எடுத்தார். வந்த அன்றே ஸ்கேலை வெளியே அனுப்பினார். அந்தச் செய்தி கேட்ட நாள் நான் வயிறாரச் சாப்பிட்டேன்.

நான்கு மாதம் போயிருக்கும். ஒரு காலையில் ஸ்கேல் கடை வாசலில் வந்து நின்றார். கடை போர்டில் இருந்த நம்பரை நிமிர்ந்து பார்த்துவிட்டு உள்ளே வந்தார். ஸ்கேல் இல்லாத கை எங்கே போவதென்று தெரியாமல் பேண்ட் மடிப்பைத் தடவிக்கொண்டிருந்தது. என்னைப் பார்த்தார். அடையாளம் தெரியவில்லை. எத்தனை பேரை அனுப்பியவர், எத்தனை முகத்தைத்தான் நினைவில் வைப்பார்?

"உங்க போன் விஷயம் எனக்குத் தெரியும்மா. இத்தனை நாள் யார்கிட்டயும் மூச்சு விடலை. வியாழக்கிழமை என்னைப் பத்தி ஒரு கம்பெனியிலேருந்து கேப்பாங்க. அஞ்சு வருஷம் உங்ககிட்ட சூப்பர்வைசரா இருந்தேன்னு சொல்லணும்."

"மூணு மெஷினுக்கு எதுக்குங்க சூப்பர்வைசர்?" என்றாள் அக்கா.

"சிரிக்கலாம்மா. சொல்லலைன்னா இந்த நம்பரை நாலு இடத்துல நான் சொல்ல வேண்டியிருக்கும். அப்பவும் சிரிங்க."

யாரும் சிரிக்கவில்லை. நோட்டில் இருபத்து மூன்று பக்கம் இருந்தது. கடைசிப் பக்கம் என் தங்கை. ஒரு வருடமாக வீட்டில் உட்கார்ந்திருந்தவளுக்குக் கண்ணாடிக் கடையில் பில் போடும் வேலை கைக்கு எட்டும் தூரத்தில் இருந்தது. அவளுக்கும் வியாழக்கிழமைதான் போன் வரும். கடை மூலையில் சட்டைக்குக் காஜா எடுத்துக்கொண்டிருந்த அவள் ஊசியை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தாள்.

"எழுதுடா," என்றாள் அக்கா.

புதுப் பக்கம் திருப்பினேன். "மூணு நல்லது சொல்லுங்க சார்."

"கண்டிப்பானவன். நேரம் தவறாதவன். ஆளுங்களை அடக்கி வைக்கிறவன்."

"ஒரு குறை?"

"குறை எதுக்கு?"

"இங்க அதுதான் சார் வழக்கம்."

"நீயே ஏதாவது பாத்துப் போட்டுக்கோ தம்பி."

போட்டுக்கொண்டேன்.

வியாழக்கிழமை முதலில் தங்கைக்குப் போன் வந்தது. சரிபார்த்த பில்லையே இன்னொரு தடவை சரிபார்ப்பாள் என்று குறை சொன்னேன். திங்கட்கிழமையே வரச் சொல்லுங்கள் என்றார்கள். அக்கா டீ வாங்கப் போன நேரத்தில் அடுத்த போன். மெஷின்கள் நின்றன. மூன்று நல்லதையும் ஒரு வார்த்தை குறைக்காமல் சொன்னேன்.

"குறைன்னு பாத்தா?" என்றது மறுமுனை.

"எண்பத்தொன்பது நாள் வரைக்கும் ஆள் தங்கம் சார். நிரந்தரம்னு தெரிஞ்சுட்டா முதலாளிக்கே அளவு எடுக்க ஆரம்பிச்சுடுவார்."

"அப்ப அதுக்குள்ள முடிச்சுக்கறது நல்லதுங்கறீங்க?"

"அவர் தனக்குக் கீழே இருந்த ஆளுங்களை அப்படித்தான் வச்சிருந்தார். ஒரு பிரச்சினையும் வந்ததில்லை."

மறுமுனை ரசித்துச் சிரித்தது. எடுத்துக்கொள்கிறோம் என்றது.

நோட்டைப் பார்த்த அக்கா டீ டம்ளரை ணங்கென்று வைத்தாள். "இதுக்காடா இந்தப் போனை வச்சேன்? உன் ஆத்திரத்துல இருபத்து மூணு பேர் பொழைப்பு போயிருந்தா?"

"போகலையேக்கா. வேலை வாங்கிக் குடுத்திருக்கேன்."

"வாயை மூடு."

ஒரு வாரம் என்னோடு பேசவில்லை. நான் அவளைச் சமாதானப்படுத்தவில்லை. செய்தது தப்பு என்று தோன்றினால்தானே? ஸ்கேல் வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து, சுவரில் தொங்கிய காலண்டரில் ஒவ்வொரு நாளாக அடித்துக்கொண்டு வந்தேன். அந்த மூன்று மாதம் போல எனக்கு நன்றாகத் தூக்கம் வந்ததே இல்லை.

தொண்ணூறாவது கட்டத்தை அடிக்கப் பேனாவைத் தேடிக்கொண்டிருந்தேன். ஸ்கேல் உள்ளே வந்தார். சவரம் செய்யவில்லை.

"நேத்து விடிஞ்சதும் வாசல்ல நிக்க வச்சு அட்டையைக் கழட்டச் சொல்லிட்டானுங்க தம்பி. ஒரே ஒரு நாள். ஒரு நாள் பொறுத்திருந்தா நிரந்தரம்."

"அப்படியா சார்."

"என்ன தப்பு பண்ணேன்னு கேட்டேன். சொல்ல மாட்டேங்கறான்." கை மறுபடியும் பேண்ட் மடிப்பைத் தடவியது. "இன்னொரு இடம் பாத்திருக்கேன். நீங்கதான் பாத்துச் சொல்லணும். போன் விஷயம் என் வாயிலேருந்து வராது, சத்தியமா."

தங்கை அன்று காலைதான் நிரந்தர உத்தரவைக் கொண்டுவந்து அக்காவின் மெஷின்மேல் வைத்துவிட்டுப் போயிருந்தாள். அக்கா அதையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தாள். "டேய், போதும்டா," என்றாள் மெல்ல.

அவர் இன்னமும் என்னை அடையாளம் கண்டுகொள்ளவில்லை. கண்டுகொண்டிருந்தால் ஒருவேளை எனக்கும் போதும் என்று தோன்றியிருக்கும்.

நோட்டில் அவர் பக்கத்தைத் திருப்பினேன்.

"எல்லாம் அப்படியே இருக்கு சார். எதையும் மாத்த வேண்டாம். கம்பெனி எதுன்னு மட்டும் சொல்லுங்க."