சான் ஹசிந்தோ மைதானத்தில் ஒரு கொக்கு

பெர்ரோஸ் குழு கடைசிக் கச்சேரியை அறிவித்தபோது வனினா தன் அழகு நிலையத்தில் ஒரு அம்மாளின் தலைக்குச் சாயம் பூசிக்கொண்டிருந்தாள். வானொலியில் செய்தி வந்ததும் பாதித் தலை செம்பட்டை, பாதித் தலை நரை என்று அந்த அம்மாளை அப்படியே விட்டுவிட்டு டிக்கெட் வாங்க ஓடினாள். அந்த அம்மாள் கோபித்துக்கொள்ளவில்லை. தனக்கும் ஒன்று வாங்கிவரச் சொல்லியிருக்கலாமே என்றுதான் வருத்தப்பட்டாள். வில்லா கார்சாவில் அப்படித்தான். ராக் இசை பிடிக்காதவர்கள் இருக்கலாம், பெர்ரோஸ் பிடிக்காதவர்கள் கிடையாது.

பெர்ரோஸ் என்றால் நாய்கள். பெயர்தான் நாய்கள், மேடையேறினால் புலிகள். அவர்கள் கச்சேரியில் ஒரு வழக்கம் உண்டு. கடைசிப் பாட்டுக்கு முன்னால் பாடகர் நேனே அரிஸ்மெந்தி துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு மேடையின் விளிம்புக்கு வருவார். நேனே என்றால் குழந்தை. குழந்தைக்கு அறுபது தாண்டிவிட்டது. கூட்டம் தூக்கிப் பிடித்திருக்கும் கொடிகளில் எழுதியிருக்கிற ஊர்ப் பெயர்களில் ஒரு பத்துப் பன்னிரண்டை வாசிப்பார். வாழ்த்து, வணக்கம் எதுவும் இருக்காது, வெறும் பெயர்கள்தான். ஆனால் பெயர் வாசிக்கப்பட்ட ஊர்க்காரன் மறுநாள் நடக்கிற நடையே வேறு.

வில்லா கார்சாவின் பெயரை நேனே ஒருமுறைகூட வாசித்ததில்லை. வனினா பள்ளிக்கூட நாளிலிருந்து ஊர்ப் பெயர் எழுதிய சிவப்புக் கொடியைச் சுமந்துகொண்டு நாடு முழுக்க அலைந்திருக்கிறாள். ரொசாரியோவில் முன்னால் நின்ற கும்பல் கப்பல் பாய் மாதிரி ஒரு கொடியை விரித்து மறைத்துவிட்டது. கோர்தோபாவில் மழை வந்து கச்சேரியே பாதியில் நின்றது. தண்டவாளத்துக்கு அந்தப் பக்கம் இருக்கிற லோஸ் ஓம்பூஸ் பெயரோ இரண்டு முறை வாசிக்கப்பட்டுவிட்டது. அந்த ஊர் ரொட்டிக் கடைக்காரன், வனினாவைப் பார்க்கும்போதெல்லாம், உங்க ஊரு மேப்புல இருக்கா, மழையில கரைஞ்சிடுச்சா என்று கேட்பான். அவன் கடை ரொட்டி நன்றாக இருக்கும் என்பதால் இவளும் பல்லைக் கடித்துக்கொண்டு போய்க்கொண்டிருந்தாள். இனிமேல் கச்சேரி இல்லை. இன்றைக்கு விட்டால் ஊர்ப் பெயர் நேனேயின் வாயில் ஏறப்போவதே இல்லை.

கொடியைத் தூக்க அவளுக்குத் துணை தம்பி ஒவிதியோ. அவனுக்குப் பாட்டைவிடப் பந்து முக்கியம். ஊர்க் கால்பந்துக் கிளப்பான ஸ்போர்த்திவோ கார்சாவின் கொடியும் அவன் பொறுப்பில்தான் இருந்தது. இரண்டு கொடிகளையும் சுருட்டி, தனித்தனியாகக் கறுப்புப் பிளாஸ்டிக் பைகளில் கட்டி, அலமாரி மேல் பக்கத்தில் பக்கத்தில் வைத்திருந்தான். ஒரு கொடியை மைதானத்துக்குள் நுழைவதற்கு முன்னால் பிரித்துப் பார்க்கக் கூடாது. பார்த்தால் தரித்திரம். யாரோ ஒருவர் வீட்டிலேயே விரித்து இஸ்திரி போட்ட வாரம்தான் பெர்ரோஸ் டிரம்மருக்குக் கை முறிந்தது என்பது வில்லா கார்சாவில் குழந்தைக்கும் தெரியும். அதனால் புறப்படும்போது பையை யாரும் திறந்து பார்க்கவில்லை. தம்பி எடுத்துக் கொடுத்தான், அக்கா வாங்கித் தோளில் போட்டாள்.

சான் ஹசிந்தோ மைதானத்தின் கதவு திறந்ததும் ஓடினார்கள். நாற்பத்தாறு வயதில் அவ்வளவு வேகமாக ஓட முடியும் என்று வனினாவே நினைக்கவில்லை. மேடைக்கு முன்னாலிருந்த இரும்புத் தடுப்பை, நடுவிலும் நடுவில், இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டு கத்தினாள். கொளுத்துகிற வெயில். பின்னால் கூட்டம் நிறைய நிறைய, இன்னும் மேடையில் ஆளே ஏறாத நிலையிலேயே, கிட்டார் மெட்டுகளை வாயாலேயே பாட ஆரம்பித்துவிட்டார்கள். எங்கள் ஆட்கள் பாட்டின் வரிகளை மட்டும் பாடி நிறுத்த மாட்டார்கள். கிட்டார் வாசிப்பதையும் சேர்த்துப் பாடுவார்கள். வனினாவுக்கு உடம்பெல்லாம் புல்லரித்தது. சந்தோஷத்தில் பக்கத்திலிருந்த முன்பின் தெரியாத பெண்ணைக் கட்டிப்பிடித்துக்கொண்டாள். அந்தப் பெண் பாம்பா பக்கத்திலிருந்து தனியாக வந்தவள், பெயர் யமிலா.

பிறகு கொடியைப் பிரித்தார்கள்.

ஒரு முனைதான் வெளியே வந்தது. சிவப்பு இல்லை. பச்சை, கறுப்புப் பட்டை. அதில் ஒற்றைக் காலில் நிற்கும் வெள்ளைக் கொக்கின் கால். கிளப் கொடி. ஒவிதியோ மின்சாரம் தாக்கியவன் போல அதைச் சுருட்டிக் கக்கத்தில் வைத்துக்கொண்டான். அவன் முகத்தில் ரத்தமே இல்லை. இருக்காது. போன பருவத்தின் கடைசி ஆட்டத்தில், இதே மைதானத்தில், ஸ்போர்த்திவோ கார்சாதான் சான் ஹசிந்தோ கிளப்பைத் தோற்கடித்துக் கீழ்ப் பிரிவுக்குத் தள்ளியது. அன்று ஒவிதியோவும் மற்றவர்களும் போலீஸ் பாதுகாப்போடு, தலையைக் குனிந்துகொண்டு, பஸ்ஸுக்குப் போனார்கள்.

"அக்கா, கோச்சுக்காத," என்றான்.

"கோச்சுக்கலடா. கொல்லப் போறேன். கச்சேரி முடியட்டும்."

வீட்டுக்குப் போய் எடுத்துவரலாமென்றால் ஊருக்குப் போகிற பாலம் முழுக்க மனிதத் தலை. போனாலும் இந்த இடம் திரும்பக் கிடைக்காது. வனினா தடுப்பில் நெற்றியை முட்டிக்கொண்டு கொஞ்ச நேரம் அழுதாள். யாரைத் திட்டுவது என்று தெரியாமல் கொக்கைத் திட்டினாள். அப்புறம் மூக்கைத் துடைத்துக்கொண்டு கொடியின் பின்பக்கத்தைத் தடவிப் பார்த்தாள். துணி கிழியாமலிருக்க ஒவிதியோவின் மனைவி அதன் பின்னால் வெள்ளைப் படுக்கை விரிப்பை வைத்துத் தைத்திருந்தாள். வெள்ளை என்றால் எழுதலாம்.

தம்பியைக் காலை அகட்டி இரண்டு ஆள் இடத்தைப் பிடித்து நிற்கச் சொல்லிவிட்டு, கூட்டத்தில் நுழைந்து, பக்கவாட்டில் சோரிபான் சுடுகிறவரிடம் போனாள். ரொட்டிக்குள் வைக்கிற தொத்திறைச்சி அடுப்பில் வெடித்துக்கொண்டிருந்தது. அவளுக்கு வேண்டியது கரி. அவர் சான் ஹசிந்தோ தொப்பி போட்டிருந்தார். எதற்கு என்று கேட்டார், ஊர்ப் பெயர் எழுத என்றாள். எந்த ஊர் என்று கேட்டார். பொய் சொல்லியிருக்கலாம், ஆனால் ஊர்ப் பெயருக்காகவே வந்துவிட்டு ஊரை மறைக்க அவளுக்கு நாக்கு எழவில்லை. வில்லா கார்சா என்றாள். அவர் இடுக்கியைக் கீழே வைத்துவிட்டு அவளை மேலும் கீழும் பார்த்தார். கிளப் கொடியா, ஊர்க் கொடியா என்று கேட்டார். கச்சேரியில் ஊர்ப் பெயரைத் தூக்கலாம், கிளப் நிறத்தைத் தூக்கக் கூடாது. அது எழுதாத சட்டம். ஊர்க் கொடிதான் என்றாள், பாதி உண்மை. அவர் அணைந்த கரியாகப் பார்த்து ஒரு காகிதத்தில் பொட்டலம் கட்டிக் கொடுத்தார்.

கொக்கு தரையைப் பார்க்க, வெள்ளை மேலே வர, மடித்து மடித்து யமிலாவின் முதுகில் வைத்து எழுதினாள். கறுகறுவென்று, ஆள் உயர எழுத்து. கையும் முகமும் கரி அப்பிப் போயின. அவர்களுக்கு நேர் பின்னால் தோளில் சான் ஹசிந்தோ சிங்கத்தைப் பச்சை குத்திய ஒரு மலை போன்ற ஆள் நின்றிருந்தார். பெயரைப் படித்தார். உதட்டைப் பிதுக்கினார். ஊர்ப் பெயர்தானே என்று விட்டுவிட்டார்.

இருட்டியதும் விளக்குகள் அணைந்தன. அந்த நிமிஷத்தைச் சொல்ல எனக்கு வார்த்தை போதாது. முதலில் டிரம். அது காதில் விழவில்லை, விலா எலும்பில் விழுந்தது. பிறகு இடக்கைக் கிட்டார்க்காரர் சுர்தோ முதல் மெட்டை இழுத்தார், அவ்வளவுதான், மொத்த மைதானமும் ஒன்றாகக் குதித்தது. குதிக்காதவர்களையும் பக்கத்திலிருந்தவர்களின் தோள்களே தூக்கிப் போட்டன. வனினா பாடினாள், கத்தினாள், அழுதாள், சிரித்தாள். சுர்தோ ஒரு தனி வாசிப்பில் கண்ணை மூடிக்கொண்டு, முடிக்கப்போகிற மாதிரி போக்குக் காட்டி, மறுபடி மேலே ஏறியபோது, ஒவிதியோவே வாயைப் பிளந்துகொண்டு நின்றான். பந்தைத் தவிர வேறு எதற்கும் அவன் அப்படி நின்று அக்கா பார்த்ததில்லை. கொல்கிற திட்டத்தை அப்போதே தள்ளிவைத்துவிட்டாள்.

வேர்வை ஆறாக ஓடியது. முன்வரிசையில் யாரும் மயங்கி விழாமலிருக்கக் காவலர்கள் ரப்பர் குழாயால் தண்ணீர் பீய்ச்சினார்கள். எல்லாரும் ஆனந்தமாக முகத்தைக் காட்டினார்கள். வனினாவும் காட்டினாள். நேனே துண்டை எடுப்பதைப் பார்த்ததும் இருவரும் கொடியின் இரு ஓரத்திலும் இருந்த கழிகளை ஆளுக்கொன்றாகப் பிடித்துத் தூக்கினார்கள். தூக்கிய பிறகுதான் அவள் அண்ணாந்து பார்த்தாள். கரி கரைந்து கறுப்புக் கண்ணீராக வழிந்துகொண்டிருந்தது. பெயர் போய்விட்டது. நனைந்த வெள்ளைத் துணியின் ஊடாகப் பச்சையும் கறுப்பும் தெரிந்தன. நட்டநடுவில், ஒற்றைக் காலில், சாவகாசமாக, கொக்கு நின்றது.

பின்னால் ஒரு விசில். பிறகு நூறு. பிறகு எண்ண முடியாது.

"இறக்கிடலாம் அக்கா. அடி விழும்," என்றான் ஒவிதியோ.

"விழட்டும். தூக்கு."

"பேரே இல்லையே. எதை வாசிப்பாரு?"

"தூக்குடா. இனிமே எப்போ தூக்கப் போறோம்?"

அவளுக்குப் பயமாகத்தான் இருந்தது. ஆனாலும் கழியை இன்னும் ஒரு முழம் உயர்த்தினாள். அந்த நேரம் பார்த்துப் பின்னாலிருந்து ஒரு நெருக்கு நெருக்கினார்கள். பக்கத்திலிருந்த யமிலா கால் இடறிக் கீழே போய்விட்டாள். தலை தெரியவில்லை, கை மட்டும் தெரிந்தது. எங்கள் கூட்டத்தில் இதற்கு யோசனையே கிடையாது. விழுந்தவரைத் தூக்கிவிட்டுத்தான் மற்றது. வனினா கழியை விட்டுவிட்டுக் குனிந்தாள். அந்தக் கால்களின் காட்டுக்குள் இறங்கி, யமிலாவின் அக்குளில் கைகொடுத்து, முட்டியால் நாலு பேரைத் தள்ளி, இழுத்தாள். மேலே என்ன நடந்தது என்று அவளுக்குத் தெரியாது. காதுக்குள் வெறும் இரைச்சல்.

யமிலாவை நிமிர்த்தி, தடுப்பில் சாய்த்து, மூச்சு வருகிறதா என்று பார்த்துவிட்டுத் திரும்பினாள். கொடி கீழே விழவில்லை. அவள் விட்ட கழியைச் சிங்கக்காரர் பிடித்துக்கொண்டிருந்தார். யாருடைய கொடியானாலும் தரையில் விழவிடுவதில்லை, அதுவும் எழுதாத சட்டம். மைதானமே விசிலடித்தது, ஆனால் சிரித்துக்கொண்டே விசிலடித்தது. ஒவிதியோ தேம்பித் தேம்பி அழுதுகொண்டிருந்தான். நேனே துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு மைக்கை விட்டு நகர்ந்துகொண்டிருந்தார். வாசிப்பு முடிந்துவிட்டது.

வனினா தம்பியை உலுக்கி என்ன ஆச்சு என்று கேட்டாள். அவன் வாயைத் திறந்தால் அழுகைதான் வந்தது. சிங்கக்காரரிடம் திரும்பினாள்.

"சொன்னாரும்மா," என்றார் அவர். "இந்த மைதானத்துக்கே கொக்கைக் கொண்டாந்திருக்கியே, உனக்கு நெஞ்சுரம் ஜாஸ்தி, அப்டின்னாரு. அப்புறம் உங்க ஊரு பேரைச் சொன்னாரு. நீ கேக்கலையா?"

"இல்லண்ணே. குனிஞ்சிருந்தேன்."

"எத்தனை வருஷமா காத்துக்கெடந்த?"

"சின்னப் புள்ளையிலேருந்து."

அவர் யமிலாவைப் பார்த்தார். மேலே கொக்கைப் பார்த்தார், முகம் புளித்தது. அந்த ஊரின் பெயரை அவர் வீட்டில் யாரும் உச்சரிக்கக்கூட மாட்டார்களாம், பிற்பாடு அவரே சொன்னார். கழியை இடது கைக்கு மாற்றிக்கொண்டு, வலது கையை வாயோரம் குவித்து, மேடையைப் பார்த்து, அந்த மலை உடம்பில் இருந்த மூச்சையெல்லாம் கூட்டி, "வில்லா கார்சா" என்று ஒரு சத்தம் போட்டார்.

சுற்றியிருந்தவர்கள் அவரைப் பைத்தியம் என்பதுபோலப் பார்த்தார்கள். அவர் மறுபடி கத்தினார், இந்தப் பெண் காதில் விழவில்லையாம், கத்துங்கடா என்று தன் ஆட்களை அதட்டினார். முதலில் நாலைந்து பேர், வேண்டாவெறுப்பாக. பிறகு யமிலா, கம்மிய குரலில். பிறகு ஒரு பக்கம் முழுவதும். மேடையில் சுர்தோ கடைசிப் பாட்டின் மெட்டை ஆரம்பித்தார். எங்கள் ஆட்கள் கிட்டார் மெட்டைப் பாடுகிறவர்களாயிற்றே, கையில் கிடைத்த வார்த்தையை அதில் போட்டுப் பாடினார்கள். சான் ஹசிந்தோ மைதானம், சான் ஹசிந்தோ தொண்டைகள், பாட்டு முழுக்க எங்கள் ஊர்ப் பெயர்.

ஒவிதியோ குதித்துக்கொண்டிருந்தான். வனினா மட்டும் குதிக்கவில்லை. கரி அப்பிய முகத்தோடு, தடுப்பைப் பிடித்துக்கொண்டு, ஒரு எழுத்துகூடத் தவறிவிடக் கூடாது என்று நின்று கேட்டாள்.