வெயிரா என்றால் என்ன அர்த்தம்?

1

மேகத்தைப் பார்த்தேன், கண் கலங்கியது, கதை பிறந்தது என்று சொல்ல எனக்கும் ஆசைதான். வாராவாரம் எழுதுகிறவளுக்கு மேகம் பார்க்க ஏது நேரம்? இந்தக் கதை தங்கையின் போனில் பிறந்தது.

"அக்கா, உன் மகாராணி ஊரைக் கொளுத்தப் போறாளாமே? இங்க ஒருத்தி ஸ்கூலுக்கே போக மாட்டேங்குறா."

அந்த ஒருத்தி தங்கையின் மகள். ஐந்து வயது. பெயர் வெயிரா.

அந்த மகாராணி என் தொடர்கதை நாயகி. பறக்கும் ஓநாய் மேல் ஏறிப் பனிநாட்டை மீட்கிறவள். ஆறு வருஷமாக மீட்டுக்கொண்டிருக்கிறாள். சந்தா குறையாதவரை பனிநாட்டுக்கு விடுதலை கிடையாது. அவள் பெயரும் வெயிராதான். அவளைப் பார்த்துத்தான் இவளுக்கு வைத்தார்கள்.

2

போட்டிப் பத்திரிகையில் வராத பெயராக வேண்டும் என்றார் ஆசிரியர். மூன்று எழுத்தைச் சேர்த்தேன். வாயில் நன்றாக உருண்டது. அவ்வளவுதான் அந்தப் பெயரின் பூர்வீகம்.

வாசகர்கள் அர்த்தம் கேட்டு எழுதினார்கள். கேள்வி-பதில் பகுதியைக் கவனிக்கும் உதவி ஆசிரியர், என்னை ஒரு வார்த்தை கேட்காமல், 'அஞ்சாதவள்' என்று போட்டுவிட்டார்.*

* எந்த மொழியில் என்று அவர் சொல்லவில்லை. அந்தக் குறையை இணையம் தீர்த்துவைத்தது. ஒரு தளத்தில் அது அழிந்துபோன மலைமொழிச் சொல். இன்னொன்றில் 'விடியலின் மகள்'. ராசியான நிறம் மஞ்சள்.

அப்புறம் என்ன, பிறக்கிற பெண்ணெல்லாம் வெயிரா. தங்கை மகள் வகுப்பிலேயே மூன்று பேர்: நெட்டை வெயிரா, மூக்கொழுகி வெயிரா, வெறும் வெயிரா. (இதில் எங்கள் வீட்டுப் பெண் யார் என்று தங்கை சொல்ல மறுக்கிறாள். அவள் உயரமில்லை. எப்போதும் கைக்குட்டையோடு இருக்கிறாள். நான் ஒன்றும் சொல்லவில்லை.)

3

தொழில் ரகசியம் ஒன்று. எங்கள் பத்திரிகையில் ஓவியர் முதலில் வரைவார். நான் பின்னால் எழுதுவேன்.

"அடுத்த வாரம் என்ன மேடம்?" என்று போனில் கேட்பார். வாயில் வந்ததைச் சொல்வேன். படம் அச்சுக்குப் போய்விடும். பிறகு நான் உட்கார்ந்து, படத்துக்கு ஏற்ற கதையைத் தேடுவேன்.

"நல்லவளாவே இருந்தா போரடிக்குதும்மா" என்று ஆசிரியர் சலித்துக்கொண்டிருந்தார். அதனால் போன வாரம் வாயில் வந்தது இது: "மூடின கோட்டைக் கதவு. உள்ள குழந்தைங்க. வெளிய இவ, கையில தீப்பந்தம்."

ஓவியர் பிரமாதமாக வரைந்துவிட்டார். 'கொளுத்துவாளா வெயிரா?' என்ற விளம்பரம் கடைக்குக் கடை தொங்குகிறது. பள்ளி வாசல் கடையிலும். வகுப்பில் மூன்று வெயிராக்களையும் கண்டால் மற்ற பிள்ளைகள் "தீ, தீ" என்று கத்திக்கொண்டு ஓடுகிறார்களாம்.

அத்தியாயத்தைத் தொடங்கிப் பார்த்தேன்.

'பனி பொழிந்துகொண்டிருந்த அந்த—'

(வேண்டாம். ஆறு வருஷமாகப் பொழிகிறது.)

'வெயிராவின் கண்களில் இரக்கம்—'

(இருந்ததா, இல்லையா? தெரிந்தால் எழுதியிருக்க மாட்டேனா?)

ஆசிரியருக்குப் போன் போட்டேன். "சார், அவ கொளுத்தாம திரும்பிட்டா?"

"படம் போயாச்சும்மா. பந்தத்தைக் கையில குடுத்துட்டு, குளிர் காய வந்தான்னு எழுதுவீங்களா? வாசகர்கள் நம்ம ரெண்டு பேரையும் கொளுத்திடுவாங்க."

4

தங்கை, மகளைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்தாள்.

"நீயே சொல்லுக்கா இவகிட்ட. பேரையே மாத்திடலாம்னு இவ அப்பா குதிக்கிறாரு."

சின்னவள் என் மேஜை மேல் ஏறி உட்கார்ந்து, படத்தைக் கையில் எடுத்து வெகுநேரம் பார்த்தாள். பிறகு மூக்கைத் துடைத்தாள்.

(இந்த இடத்தில் குழந்தை மழலையாக ஒரு தத்துவம் உதிர்த்து, எழுத்தாளர் திருந்த வேண்டும். அதற்கான நாலு வரி என்னிடம் எப்போதும் கைவசம் உண்டு. அவளோ அழவுமில்லை, தத்துவம் பேசவுமில்லை.)

"கண்ணு, உனக்கு வேற நல்ல பேரா வெச்சுடலாமா?" என்றேன்.

"எனக்கு எதுக்கு? கொளுத்தப் போறது அவதானே? அவ பேர மாத்து, பெரியம்மா."

"ஆறு வருஷமா அவளுக்கு அந்தப் பேருடி."

"எனக்குப் பொறந்ததுலேர்ந்து."

தங்கை சிரிப்பை அடக்க முடியாமல் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். "பதில் சொல்லு, எழுத்தாளரே!"

உதவி ஆசிரியர் இருந்திருந்தால் ஏதாவது போட்டிருப்பார்.

5

சாயங்காலத்துக்குள் அத்தியாயம் போக வேண்டும். முடிவுகள் இவை.

அ) கொளுத்துகிறாள். ஆசிரியர் மகிழ்வார். மூன்று குழந்தைகள் பள்ளி மாறும்.

ஆ) கொளுத்தவில்லை. குளிர் காய்கிறாள்.

இ) அது அவளுடைய இரட்டைச் சகோதரி. (சென்ற வருஷமே ஒருத்தியைக் கொண்டுவந்து கொன்றுவிட்டேன்.)

ஈ) எங்கள் வீட்டுப் பெண் சொன்னது.

'ஈ' தான் என்று தீர்மானித்து, பனிநாட்டுச் சபை கூடி அவள் பெயரைப் பறித்துக்கொள்வதாக எழுதிவிட்டேன். ஆசிரியர் முணுமுணுத்தார், பந்தம் கையிலேயே இருப்பதால் விட்டுவிட்டார். சின்னவள் நாளைக்குப் பள்ளிக்குப் போகிறாளாம். நிபந்தனையோடு: பத்திரிகை வந்ததும் பெயர் மாறியிருப்பதை அவளே பார்க்க வேண்டும்.

ஒரே ஒரு வரிதான் பாக்கி. மகாராணிக்குப் புதுப் பெயர். எதைப் போட்டாலும் அது யார் வீட்டுத் தொட்டிலிலோ தூங்கிக்கொண்டிருக்கிறது. புதிதாக ஒன்றைப் புனைந்தாலோ, அடுத்த வருஷம் தூங்கும்.

அதனால் கடைசி வரியை இப்படியே அனுப்பிவிட்டேன். நீங்களே நிரப்பிக்கொள்ளுங்கள். எந்தக் குழந்தைக்கும் இல்லாத பெயராக இருக்கட்டும். அர்த்தம் மட்டும் கேட்டு எழுதிவிடாதீர்கள்.

'கோட்டைக் கதவின் முன்னால் தீப்பந்தத்தோடு நின்றாள் ___________.'