ஊற்றினாலும் குற்றம்

ஆடிக் காற்று ஆரம்பித்த வாரத்தில் ராஜாக்கண்ணுவின் கண்ணில் மண் விழுந்தது. விழுந்தது என்றுதான் அவன் நினைத்தான். ஒடுகத்தூரிலிருந்து பீஞ்சமந்தை மலைக்கு ஷேர் ஜீப் ஓட்டுகிறவனுக்கு இதெல்லாம் புதிதில்லை. சாயங்காலம் வீட்டுக்கு வந்து முகம் கழுவினான். மனைவி சசிகலா முந்தானை நுனியைச் சுருட்டி, இமையை மடித்துத் தேடினாள். ஒன்றும் இல்லை. ஆனால் உறுத்தல் மட்டும் போகவில்லை. புரட்டாசி பிறந்த பிறகும் மண் அங்கேயே இருந்தது. போதாததற்கு, எதிர்க்காற்று பட்டால் இரண்டு கண்ணிலும் தண்ணீர் கொட்டியது.

வேலூருக்குப் போய்க் காட்டினான். கண் டாக்டரம்மா கீழிமையில் ஒரு காகிதத் துண்டைத் தொங்கவிட்டு, கண்ணை மூடி உட்கார வைத்து, பிறகு அது எவ்வளவு நனைந்திருக்கிறது என்று பார்த்தார். கண் வறண்டு போயிருக்கிறது என்றார். ராஜாக்கண்ணுவுக்குச் சிரிப்பு வந்தது. கைக்குட்டை நனைகிற அளவுக்கு ஊற்றுகிற கண்ணை வறட்சி என்கிறார்களே, வேறு யாருடைய சீட்டையோ பார்த்துச் சொல்கிறாரோ என்று நினைத்தான். கண்ணுக்குப் பிசுக்காக ஒட்டி நிற்கிற ஈரம் வேண்டும், அது இல்லாததால்தான் எரிச்சல் தாங்காமல் வெறும் தண்ணீர் ஓடுகிறது என்று அவர் விளக்கினார். சொட்டு மருந்து எழுதிக் கொடுத்தார். நாளுக்கு ஐந்தாறு தடவை போட வேண்டும், போட்டதும் கொஞ்ச நேரம் கண்ணை மூடியிருக்க வேண்டும், விட்டுவிடாமல் தொடர்ந்து போட வேண்டும்.

எத்தனை நாளைக்கு என்று கேட்டான். தொடர்ந்து என்று மறுபடியும் சொன்னார்.

அந்தப் பதில் அவனுக்குப் பிடிக்கவில்லை. காய்ச்சலுக்கு ஊசி போட்டால் காய்ச்சல் இறங்குகிறது. பல்வலிக்கு மாத்திரை போட்டால் வலி அடங்குகிறது. ஊற்றிக் கொஞ்ச நேரத்துக்கெல்லாம் காய்ந்துபோய் மறுபடியும் கேட்கிறதை மருந்து என்று எப்படிச் சொல்வது? வண்டிக்கு ஆயில் ஊற்றுகிற மாதிரி ஆகிவிட்டதே என்று சசிகலாவிடம் புலம்பினான்.

வீட்டில் அவள் ஊற்றிவிடுவாள். வழியில் யார் ஊற்றுவது? ஜீப்பை ஓரம் கட்டி, தலையைச் சாய்த்து, புட்டியைக் கவிழ்த்தால், சொட்டு விழுவதற்குள் இமை மூடிக்கொள்ளும். ஒன்று இமைமேல் விழும், ஒன்று மூக்கில் இறங்கும், ஒன்று மீசைக்குப் போகும். ஒருவழியாக உள்ளே போனால் பாதையெல்லாம் புகைமூட்டமாகத் தெரியும். அது தெளிகிற வரைக்கும் பின்னால் ஆட்கள் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருப்பார்கள். முகம் முழுக்க ஈரத்தோடு கண்ணை மூடிக் கிடக்கிற டிரைவரைப் பார்த்தால் யார்தான் நம்பி உட்காருவார்கள்?

முனிசாமிதான் முதலில் கேட்டார். மலைமேல் சாமையும் புளியும் வாங்கிக் கீழே கொண்டுவந்து விற்கிறவர். தினசரி சவாரி. அவர் வாயில் விழுந்தால் மலை முழுக்கப் போய்ச் சேரும்.

"இன்னா ராஜாக்கண்ணு, கண்ணு தெரிலயா? இந்த வளைவுல எங்கள எங்கியாச்சும் வுட்றப் போற."

தெரிகிறது அண்ணா, எரிச்சலுக்குத்தான் போடுகிறேன் என்று சொல்லிப் பார்த்தான். அந்த வாரமே ராஜாக்கண்ணுவுக்குப் பார்வை போய்க்கொண்டிருக்கிறது என்று மலையில் பேச்சாகிவிட்டது. பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு வருகிறவர்கள் அவன் வண்டியை விட்டுவிட்டு அடுத்த வண்டிக்குக் காத்திருந்தார்கள்.

அதனால் வழியில் ஊற்றுவதை நிறுத்தினான். காலையில் ஒன்று, ராத்திரி ஒன்று. அவ்வளவுதான். கண் இரண்டும் செம்பருத்தி மாதிரி சிவந்தன. இப்போது பேச்சு மாறியது. விடிந்ததும் விடியாததுமாகச் சரக்குப் போட்டுவிட்டு வண்டி எடுக்கிறான் என்றார்கள். ராஜாக்கண்ணு குடிக்கவே மாட்டான் என்று சொல்லிவிட முடியாது. திருவிழாவில், கல்யாணத்தில் உண்டு. ஆனால் ஸ்டீயரிங் பிடிக்கிற நாளில் தொட்டதில்லை. அதை யாரிடம் போய் நிரூபிப்பது?

மருந்துக் கடையில் போய், சிவப்பு போகிற மாதிரி ஏதாவது கொடுங்கள் என்று கேட்டான். கடைக்காரர் ஒரு குட்டிப் புட்டியை எடுத்து வைத்தார். அதை ஊற்றிக் கண்ணாடியில் பார்த்தவனுக்கு நம்ப முடியவில்லை. வெள்ளை வெளேரென்று இருந்தது. இதுவல்லவா மருந்து! டாக்டரம்மா கொடுத்ததை அலமாரியில் தள்ளினான். சசிகலாகூட, இதையே முதலில் வாங்கியிருக்கலாம் என்றாள். மலை ஏறும் முன் ஒரு சொட்டு, இறங்கும் முன் ஒரு சொட்டு. சில வாரம் அவன் கண்ணை நேராகப் பார்த்து ஆட்கள் பேசினார்கள். பிறகு ஒரு சொட்டு போதவில்லை. இரண்டும் போதவில்லை. வெளுப்பு கொஞ்ச நேரம்தான் நின்றது, அது போனதும் முன்னைவிட மோசமாகச் சிவந்தது. உறுத்தல் இப்போது கண்ணுக்குள் உமியைக் கொட்டின மாதிரி இருந்தது.

கார்த்திகையில் ஒரு காலை, இறக்கத்தில் வந்துகொண்டிருந்தபோது எதிர்க்காற்று சுளீரென்று அடித்தது. கண்ணில் தண்ணீர் திரண்டு எல்லாம் கலங்கிவிட்டது. வளைவில் நின்ற மாடு அவனுக்குக் கடைசி நிமிஷத்தில்தான் தெரிந்தது. பிரேக்கை மிதித்து மலைப் பக்கமாக ஒடித்தான். முன்சக்கரம் ஓடையில் இறங்கி ஜீப் சாய்ந்து நின்றது. யாருக்கும் அடியில்லை. முனிசாமியின் சாமை மூட்டை ஒன்று அவிழ்ந்து கொட்டியது. கீழூரில் மகளைப் பார்க்கக் கிளம்பியிருந்த செல்லி, நெஞ்சைப் பிடித்துக்கொண்டு ரோட்டிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

முனிசாமி இறங்கி நேராக அவன் முகத்துக்கு முன்னால் வந்து நின்றார்.

"ஊது."

"இன்னாண்ணா?"

"ஊதுன்றேன்."

எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ராஜாக்கண்ணு ஊதினான். முனிசாமி மோந்து பார்த்தார். மறுபடியும் ஊதச் சொன்னார். டீ வாசனைதான் வந்திருக்கும். அவர் திரும்பி மற்றவர்களைப் பார்த்து, வாசனை வராத சரக்கும் இப்போது கிடைக்கிறது என்றார். வண்டியைத் தள்ளி மேலே ஏற்றினார்கள்.

மறுநாள் வேலூர் போனான். டாக்டரம்மா கடைப் புட்டியைப் பார்த்ததும் அதைக் குப்பைக் கூடையில் போட்டார். அது சிவப்பை மறைக்குமே தவிர வறட்சியைத் தீர்க்காது, போடப் போடச் சிவப்பு கூடத்தான் செய்யும் என்றார். நான் கொடுத்ததை ஏன் விட்டீர்கள் என்று கேட்டார். அதுவரை அடக்கி வைத்திருந்ததெல்லாம் அவனுக்கு வெளியே வந்துவிட்டது.

"ஊத்துனா கண்ணு தெரியாதவன்றாங்க, ஊத்தலன்னா குடிகாரன்றாங்க மேடம். நீங்க அஞ்சு தடவ ஊத்து, ஆறு தடவ ஊத்துன்னு சொல்லிட்டீங்க. மலைல வண்டி ஓட்றவன் எங்க நின்னு ஊத்துவான்? ஊத்துனா பொக மாதிரி ஆய்டுது. ஒரே தடவ போட்டா ஒரு நாளு தாங்குற மாதிரி இல்லியா? அது இருந்தா குடுங்க. இல்லன்னா இந்தச் சீட்டே எனக்கு வேணாம்."

டாக்டரம்மா பேனாவை மூடி வைத்தார். "நீங்க கேக்குற மருந்து எங்கிட்ட இல்ல," என்றார். "இருந்தா மொத நாளே குடுத்திருப்பேன்."

அந்தப் பதிலிலும் அவனுக்கு ஆறுதல் இல்லை. ஆனால் அவர் எழுந்து வந்து, கீழிமையை இழுத்துப் பள்ளம் பண்ணி, புட்டியைப் பார்க்காமல் மேலே பார்த்தபடி ஊற்றுவது எப்படி என்று அவன் கையைப் பிடித்துக் காட்டினார். கலங்கல் குறைவாக இருக்கும் என்று பகலுக்கு வேறு மருந்து எழுதினார். பக்கவாட்டில் மறைப்பு உள்ள கண்ணாடி போடச் சொன்னார். கலங்கல் முழுக்கத் தெளியாமல் வண்டியை எடுக்கக் கூடாது என்றார். கண் சரியாகிற வரைக்கும் ஓட்டாமல் இருக்க முடியுமா என்றும் கேட்டார். ஒரு மாதம் மச்சானை ஓட்ட விட்டுவிட்டு வீட்டில் உட்கார்ந்து, சசிகலாவைத் தொடவிடாமல், தானே ஊற்றிப் பழகினான். சிவப்பு மெல்ல மெல்ல இறங்கியது. உறுத்தல் முழுசாகப் போகவில்லை. போகாது என்று இப்போது அவனுக்குத் தெரியும்.

தை பிறந்து மறுபடியும் வண்டி எடுத்த அன்று, ஒடுகத்தூர் பஸ் ஸ்டாண்டில் எல்லோரும் கேட்கிற மாதிரிச் சொன்னான்.

"வழியில மூணு எடத்துல நிறுத்துவேன். கண்ணுக்கு மருந்து ஊத்துவேன். அது தெளியற வரைக்கும் எடுக்க மாட்டேன். அவசரம்ன்றவங்க வேற வண்டி பாத்துக்குங்க."

நாலு பேர் இறங்கினார்கள். முனிசாமி இறங்கவில்லை. அடுத்த வண்டி எப்போது வரும் என்று அவருக்குத் தெரியும்.

முதல் நிறுத்தத்தில் ராஜாக்கண்ணு ஊற்றிக்கொண்டு கண்ணை மூடிச் சாய்ந்திருந்தபோது, பின்னாலிருந்து செல்லியின் குரல் கேட்டது. அடுப்புப் புகையில் தன் கண்ணும் இப்படித்தான் எரிகிறது, ஒரு சொட்டு கொடு தம்பி என்றாள். அவள் பக்கத்திலிருந்தவர் தனக்கும் என்றார். அவனுக்கு ஆத்திரமாக வந்தது. இத்தனை மாதம் இந்தப் புட்டிக்காக என்னவெல்லாம் பேசினார்கள்!

"ஒருத்தர் புட்டிய இன்னொருத்தர் போட்டா சீழ் புடிச்சிக்கும்கா. டாக்டராண்ட காட்டி எழுதி வாங்கிக்கோங்க."

"ஒரு சொட்டுதானே கேக்கறாங்க," என்றார் முனிசாமி. "அதுகூட மனசு வரலியா உனக்கு?"

ராஜாக்கண்ணு புட்டியைத் தடவி மூடிச் சட்டைப் பையில் போட்டான். கஞ்சன் என்று இனி ஒரு பேர் சேரும். பின்னால் வந்த லாரிக்காரன் ஹாரனை அழுத்திக்கொண்டே இருந்தான். இவன் மூடிய கண்ணைத் திறக்காமல் கையை வெளியே நீட்டி, தாண்டிப் போ என்று காட்டினான்.